குளியலறைச் சன்னலுக்காக ஒரு சண்டை

ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் குளியலறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அறுபதுகளின் தொடக்கம், கல்யாணமாகி வந்த புதிது. வீட்டில் நான், என் கணவர், மாமியார் மூவர்தான். எதிர்வீட்டுக்காரர் மாடி எடுத்ததும், அங்கிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் என்று மாமியார் குளியலறைச் சன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். உள்ளேயே வெந்நீர் அடுப்பு. ஆவி போக வழியில்லை. சுவரெல்லாம் கரும்பச்சையாகப் பூசணம்.

நான் தேய்ப்பேன், மறுவாரமே திரும்ப வந்து நிற்கும். போதாததற்கு ஈரத்துண்டுகளை எல்லாம் அங்கேயே கொடியில் போட்டுவைப்பார்கள்.

"ஏனுங்க, அந்தப் பலகையை எடுத்துப்போட்டா காத்து வருமுங்க" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"அம்மா சம்மதிக்க மாட்டாங்க. நீ நல்லா அழுத்தித் தேய்" என்றார். ஏதோ நான் சுவரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்ததுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே களத்தில் இறங்கினார். வேலை பார்த்த மில்லிலிருந்து பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து கரைத்துச் சுவரில் அடித்தார். கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றினார். குப்பென்று ஒரு நெடி கிளம்பியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு. மூச்சு விட முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நானும் கணவருமாகத் தூக்கிவந்து வாசலில் காற்றுப்பட உட்காரவைத்தோம்.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கு ஊசி போட்ட டாக்டர், "ரெண்டையும் கலந்தா விஷக் காத்துங்க. இனி அந்தப் பக்கமே போகாதீங்க" என்று கணவரைக் கடிந்துகொண்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மாமியார் தேறியதும் நான் பொறுக்கவில்லை. "அத்தை, இனி அந்தச் சன்னலைத் தொறக்கலீன்னா நான் அங்க குளிக்க மாட்டேனுங்க."

அவர் எதிர்வீட்டு மாடியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "மானம் போகாத மாதிரி ஏதாச்சும் செய், கண்ணு" என்றார்.

ஆசாரியை வரச்சொல்லி, பலகையைப் பிடுங்கிவிட்டு, வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்த மரச்சட்டங்களை வரிசையாக அடிக்கச் சொன்னேன். காற்று வரும், மாடியிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். ஆசிட் வாடை முற்றிலும் போன பிறகு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுவரை நனைத்தேன். காய்ந்த பூசணத்தைத் தேய்த்தால் தூள் பறக்கும். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். குளித்தவர் சுவர் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும், துண்டு வெயிலுக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். மாமியார் ஒழுங்காகச் செய்தார். கணவருக்குத்தான் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஐப்பசி மழையில்கூடச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் பூசணம் லேசாகத் தலைகாட்டும். சோடாத் தண்ணீருக்கே போய்விடும். வீட்டுக்கு வந்த மில் நண்பரை அழைத்துப்போய்க் காட்டிய கணவர், "காத்து வேணுமுங்க, அதான் சன்னல் வெச்சுப்போட்டேன்" என்றார். நான் காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு உள்ளே போனேன்.