எண்பது பாயிண்ட் காற்று

காற்றடிக்கிற தொழிலில் காற்றைத் தவிர மற்றதெல்லாம் கனம்தான். பழைய ரேசிங் சைக்கிளுக்கு அடித்துப் பார்த்தவர்கள் என்னோடு சேர்ந்து தலையாட்டுவீர்கள்.

டயரில் போட்டிருக்கிறது

பெங்களூர்ப் பையன் ஒருவன் ஒகேனக்கல் போகிற வழியில் நின்றான். பழைய சக்கரம், பிரேக் தேய்த்துத் தேய்த்து ரிம் மெலிந்திருந்தது. டயரில் போட்டிருந்த நூற்றிருபது பாயிண்ட் அழுத்தத்தைக் காட்டி அவ்வளவும் அடிக்கச் சொன்னான். “அது டயர் தாங்குகிற அளவு தம்பி, ரிம்முக்கு எண்பதுக்கு மேல் ஆகாது” என்றேன். கேட்கவில்லை. தன் பம்ப்பாலேயே அடித்துக்கொண்டு போனவன், மதியம் வெடித்த டயரோடு தள்ளிக்கொண்டு வந்தான்.

“டயர்ல போயி பொய் எழுதுவாங்களாங்க?”

எடை எவ்வளவு?

ஆளின் எடை தெரியாமல் அளவு சொல்ல முடியாது. கேட்டால் பாதிப் பேருக்குக் கோபம் வரும். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் முருகேசன் மட்டும் சிரிப்பார். லீவு நாளில் பழைய ரேசிங் சைக்கிளில் சுற்றுகிறவர். அவருக்கு எண்பது பாயிண்ட் வைத்தேன்.

“எம்பத்திரண்டு கிலோங்க. லக்கேஜ் டிக்கெட் தனியா போடணுங்களா?”

அந்தம்மா

போன மாதம் முருகேசன் டியூப் மாற்ற சைக்கிளை விட்டுப் போனார். சட்டை தொளதொளவென்று கிடந்தது. எடுத்துப்போக அவர் மனைவி வந்தார். “ஆள் இளைத்திருக்கிறார், இனி அறுபது போதும்மா” என்றேன். அந்தம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வயிற்றில் கட்டியாம், சேலம் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். பம்ப்பைக் கீழே வைத்தேன்.

“அவருகிட்ட அல்சர்னுதாங்க சொல்லியிருக்கோம். காத்தக் கொறைச்சா ஏன்னு கேப்பாரு. பழையபடியே வைங்கண்ணா.”

கட்டைவிரல்

அதே வாரம் முருகேசனே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கி டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“கொஞ்சம் எறக்குங்க, எலும்பெல்லாம் இடிக்குது. என்ன நோவுன்னு எனக்குத் தெரியும்ங்க. தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. வூட்ல சொல்லிடாதீங்க.”

இறக்கினேன். இரண்டு நாளில் அந்தம்மா அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“டயரு தொய்ஞ்சிருக்குங்கண்ணா, அவரு பாக்கறதுக்குள்ள ஏத்திடுங்க.”

அவர் வந்தால் இறக்குகிறேன், அந்தம்மா வந்தால் ஏற்றுகிறேன். அந்தப் பழைய ரிம் எப்படியோ தாங்குகிறது, என்னால்தான் முடியவில்லை.