நாட்டார் அல்ல, றஊப்

முன்னால் போகும் பஸ்ஸில் அந்தப் பாட்டுக் கேட்டால் போதும், றஊப் காணாமல்போன ஆட்டை நடுவழியில் விட்டுவிடுவார். முச்சக்கர வண்டியின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள், ஒரு கை பிடியில், மறு கையில் மைக். "வெள்ளக் கிடாய், இடது காது கொஞ்சம் கிழிஞ்ச, கண்ட ஆக்கள் தயவுசெய்து…" என்று போய்க்கொண்டிருந்த குரல் சட்டென்று திசைமாறும். "இப்ப பஸ்ஸுல போற பாட்டு நாட்டார் பாட்டில்ல. எழுதினது நான். பேர் றஊப், ஊர் ஆலங்குடா, உசிரோட இரிக்கன். சரி, ஆட்டுக்கு வருவோம்." ஆட்டுக்காரர் கொடுத்த கூலியில் இதுவும் அடக்கம் என்பது அவருடைய கட்சி.

அறிவிப்புத்தான் தொழில். மீன் மலிவு, கிரிக்கெட் இறுதி ஆட்டம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றையும் ஒரே உருக்கத்தோடு ஊருக்குச் சொல்லுவார். தேர்தல் வந்தால் மூன்று கட்சிக்கும் பாட்டு எழுதிக் கொடுப்பார். மெட்டு ஒன்றுதான். "சின்னத்த மட்டும் மாத்தினாப் போதும், செல்லுற பொய் ஒண்டுதானே" என்று கட்சிக்காரர் முகத்துக்கு நேரேயே சொல்லிக் காசை எண்ணி வாங்குவார். எதுகை அகப்பட்டால் இடது உள்ளங்கையில் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ எடுக்கும்போது அழிந்துபோன பாட்டுகள் நூறுக்குக் குறையாதாம். "அதெல்லாம் நல்ல பாட்டு. மிஞ்சினதத்தான் நீங்க கேக்குற."

மிஞ்சியவற்றில் ஒன்று உலகத்தைச் சுற்றுகிறது. உலகம் என்றால் சிலாபத்திலிருந்து மன்னார் வரைக்கும். கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் குந்துவார்கள். அந்தப் பெரிய தட்டில்தான் ஆறு கைகளும் போகவேண்டும். சோறு வரப் பிந்தினால் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்:

மாமி வீட்டுச் சஹனிலே
ஆறு பேர் குந்தினோம் பசியிலே
ஒத்தத் துண்டு இறைச்சிக்கு
ஒம்பது முழம் தோண்டினோம்

ஆலங்குடாக் கடற்கரையில் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு ஹோட்டல் வாத்தியக்காரர் இதைத்தான் வாசிக்கிறார்கள். வானொலியும் வாரத்துக்கு நாலு தரம் போடுகிறது. போடுமுன் அறிவிப்பாளர் தேன்குழைத்த குரலில் சொல்லுவார்: "அடுத்து வருவது, தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் கற்பிட்டி நாட்டார் பாடல்." றஊப் வானொலிக்குப் பதில் சொல்லுவதை அவருடைய மனைவி ஸஹ்னா நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லிக் களைத்துவிட்டார்.

பாட்டு எழுதியவர்களுக்கு உரியதைப் பிரித்துக் கொடுக்கக் கொழும்பில் ஒரு சங்கம் இருக்கிறது. றஊப் அதில் அங்கத்தவர், அட்டைகூட உண்டு. சென்ற வருடம் மற்றப் பாட்டுகளுக்காக அவருக்கு வந்து சேர்ந்தது ஒரு கொத்து ரொட்டியின் விலை, முட்டை சேர்க்காமல். அதற்காக அவர் சங்கத்தை ஏசியதில்லை. அவரை எரிப்பது பட்டியல். வானொலிக்காரர் எழுதி அனுப்பும் பட்டியலைப் பார்த்துத்தான் சங்கம் பங்கு பிரிக்கும். எழுதியவர் செத்துப்போனாலும் பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் நாட்டார் என்கிற மனிதருக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை, விலாசமும் இல்லை. பேர் எழுதவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கோட்டின் மேல் தன் பேரை ஏற்றிவிடவேண்டும் என்பதுதான் றஊபின் ஒரே பைத்தியம்.

அந்தச் சங்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே பிறவி அனஸ்தாசியா, சிலாபத்துப் பெண். நல்ல பிள்ளை. பத்துத் தரம் எடுத்தால் ஒன்பது தரம் தொலைபேசியைத் தூக்குவாள்.

"றஊப் நானா, நீங்கதான் எழுதினதெண்டு எனக்குத் தெரியும். ஆனா கோப்புக்குத் தெரியாதே."

"கோப்போட நான் கதைக்கவா?"

"முழுப் பாட்டையும் எழுதுங்க. முதல்ல பாடின மாதிரியே, ஒரு சொல்லும் கூட்டாம குறைக்காம. அதுக்குக் கீழ, பாட்டு புதுசா வந்த நேரம் கேட்ட ஒரு ஆள் கையெழுத்து வைக்கோணும். சொந்தக்காரர் வேணாம். மாச முடிவுக்குள்ள அனுப்பினாச் சரி, பிந்தினா நாட்டார் எண்டே மூடிருவாங்க."

ஒரு கையெழுத்துத்தானே என்று கிளம்பியவர் மூன்று கிழமை அலைந்தார். அந்தப் பாட்டைப் புதிதாகக் கேட்டவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தொட்டிலிலேயே கேட்டிருக்கிறார்கள். நுரைச்சோலையில் கூட்டாளி ஸுஹைப், தன் வாப்பா தோணியில் இதைத்தான் பாடுவார் என்று பள்ளிவாசலைக் காட்டிச் சத்தியம் செய்தான். "உன்ட வாப்பா மௌத்தாகி இருவது வருசம். நான் எழுதி பதினொரு வருசம்" என்றார் றஊப். ஸுஹைப் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பாட்டு நீ நினைக்கிறதவிடப் பழசு மச்சான்" என்றான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் என்னத்தைச் செய்வது.

கடைசியில் வாய் திறந்தது ஸஹ்னாதான். "புதுசாக் கேட்டு நெஞ்சுக்குள்ள வச்சிரிக்கிற ஆள் ஒண்டு இரிக்கி. ஆனா நீங்க போகமாட்டீங்க."

போகமாட்டார்தான். ஏனென்றால் பாட்டின் முதல் வரியில் மாமியே இல்லை. அந்த இடத்தில் இருந்தவர் ஜவ்பர் ஹாஜி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து, கருவாட்டு வியாபாரத்தில் நிமிர்ந்தவர். அவர் மகளின் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் குந்திய றஊப், இறைச்சி குறைந்த கடுப்பில் கை கழுவுமுன் பாட்டைக் கட்டி, மறுநாளே மைக்கில் பாடிவிட்டார். ஊர் சிரித்தது. பேரைக் கழற்றி மாமியைப் போட்டது பிறகு ஊர் செய்த கிருபை. அன்றிலிருந்து ஹாஜியாரின் கருவாட்டுக் கடை வரும் தெருவில் மட்டும் றஊபின் மைக் தானாகவே அணைந்துவிடும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் போனார். ஹாஜியார் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். குந்து என்று சொல்லவில்லை. நீட்டிய தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நாலு அடிகளையும் உதடு அசைய வாசித்தார்.

"என்ட பேர சரியாப் போட்டிரிக்கிற."

"ஒரு சொல்லும் மாத்தப்படாதாம், ஹாஜியார்."

"நீ எழுதினதெண்டு யாருக்கும் தெரியாதெண்டா கவலப்படுற? பதினொரு வருசமா எந்தக் கல்யாணத்துல இந்தப் பாட்டுக் கேட்டாலும், உன்ட பேர மனசுக்குள்ள செல்லித்தான் நான் சோத்துல கை வைக்கிற. உன்ட வாப்பாட பேரோட."

எழுதியவனை மறக்காமல் பாட்டைக் கேட்ட ஒரே ஒருவர் இவர்தான். றஊபுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் ஹாஜியார் அண்டைக்கு இறைச்சி அப்பிடிக் குறஞ்ச?"

"இத அண்டைக்குக் கேட்டிரிக்கலாம்." ஹாஜியார் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மன்னாருக்கு நாப்பது பேருக்குச் செல்லி அனுப்பின. வண்ணாத்திவில்லுப் பாதையால மூணு பஸ் வந்த. இருவத்திரண்டு வருசம் கண்ணால காணாத சனம். இடமில்ல, போங்க எண்டு செல்லவா? சோறு திருப்பி ஆக்கலாம். ஆட்ட எங்க தேடுற? இரிந்ததப் பிச்சிப் பிச்சிப் போடச் சென்ன. மகள் அழுதது பாட்டுக்குத்தான். இறைச்சிக்கில்ல."

பிறகு பேனா கேட்டார். தாளின் அடியில் நிதானமாக எழுதினார்: மேலே உள்ளதே அன்று பாடப்பட்ட முழுப் பாட்டு. கீழே பேர், அடையாள அட்டை இலக்கம், திகதி. இலக்கத்தை இரண்டு தரம் சரிபார்த்தார். "ஹஜ்ஜு செஞ்ச மனுசன், பொய்ச் சாட்சிக்குக் கை வைக்கமாட்டன். இது உண்ம. அதால வச்ச."

றஊப் தாளை எடுக்கவில்லை. நாலாம் அடிக்கும் ஹாஜியாரின் வாக்கியத்துக்கும் நடுவில் இரண்டு விரற்கடை வெறுமை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதே பேனாவை வாங்கி, கடை மேசையில் குனிந்து, எழுத்தை நெருக்கி நெருக்கி அந்த வெறுமைக்குள் எழுதினார். எழுதி முடித்து மெதுவாக வாசித்தும் காட்டினார்:

மன்னார் பஸ்ஸு மூணு வந்ததே
மறிக்காம வாசல் திறந்ததே
பங்கு வச்ச கை பெரிசு
பாத்த எங்கட கண் சிறிசு

"இது அண்டைக்குப் பாடினதில்லயே" என்றார் ஹாஜியார்.

"பாடியிரிக்க வேண்டியது."

தாள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஹாஜியார் தன் கையெழுத்தையும் அதற்கு மேலே ஈரம் காயாத நாலு வரியையும் பார்த்தார்; அந்த நாலுக்கும் இப்போது சாட்சி அவர்தான். பின்பு, ஒன்றையும் வாசிக்காதவர்போல, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.