சூடத்தின் முன்னால் அவர் மட்டும் நின்ற வெள்ளிக்கிழமை

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சூடம் எரிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சேகர் அண்ணன் சூடத்தைக் கையால் அணைத்து, "ஆத்தா மேல சத்தியமா இனிமே அவள அடிக்க மாட்டேன்" என்றார். கூட்டம் கலைந்தது. பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி பத்மா அக்கா யாரையும் பார்க்காமல் அவர் பின்னால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தார். இதே சத்தியத்தைத் தைப்பூசத்துக்கு முன்பும் கேட்டிருந்தேன். சூடம் அணைந்த பிறகு அந்த வீட்டுக்குள் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? இதற்கென்று படித்தவர்கள் எங்கேயாவது இருக்க மாட்டார்களா?

கோலா சிலாங்கூர் பக்கம், ஜெராம் சாலையில் இருக்கிறது எங்கள் தோட்டம். புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் கோயில் கமிட்டிதான் கோர்ட்டு. இருவரையும் சேர்த்து நிறுத்திச் சத்தியம் வாங்கி, ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கமிட்டித் தலைவர் என் அப்பா.

அந்தச் சத்தியமும் நிலைக்கவில்லை. பத்மா அக்கா சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போனார். சேகர் அண்ணன் அங்கேயும் போனார். வீட்டெதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். அக்கா கடைக்குப் போனால் பின்னாலேயே வருவாராம். "அதான் அடிக்கலையே" என்றார்கள் எல்லாரும்.

நான் பார்க்கப் போனபோது அக்கா சொன்னார்: "அடிச்சா வலி எங்கன்னு தெரியும் கௌரி. இது எந்நேரமும் முதுகுல ஊருது."

திரும்பி வந்து கோயிலில் அழுதேன். "ஆத்தா, ஒன்னு நீ வா. இல்லன்னா எனக்குச் சொல்லிக் குடு. சும்மா மட்டும் இருக்காத."

அவள் சும்மா இருக்கவில்லை. மறுவாரம் இருமலுக்கு மருந்து வாங்க கோலா சிலாங்கூர் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு தாதி, அடிபடும் பெண்களுக்கும் பின்தொடரப்படும் பெண்களுக்கும் துணை நிற்பது எப்படி என்று கிள்ளானில் வார இறுதிகளில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றார். பள்ளியில் கடைசி வகுப்பான பாரம் ஐந்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். ஓரிடத்தில் உட்காராத கால்கள் வேறு. அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

முதல் நாளே நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் அடிபட்ட மனைவியாக உள்ளே வந்தார். நான் பாய்ந்தேன். "அக்கா, பையத் தூக்குங்க! எங்க வீட்டுக்கு வாங்க! நான் பாத்துக்கறேன்!"

வகுப்பே சிரித்தது. பயிற்சி கொடுத்த திலகா மிஸ்ஸுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ கௌரி, அவங்க இன்னும் உக்காரவே இல்ல லா! நீயும் உத்தரவு போட்டா, புருஷனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

அன்றிலிருந்து பேசாமல் கேட்கப் பழகினேன். 'நீ என்ன செய்தாய், அவர் அடிக்க?' என்று கேட்கக்கூடாது. பின்தொடர்வதும் கொடுமைதான். அவள் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. முக்கியமாக, இருவரையும் எதிரெதிரே நிறுத்தக்கூடாது; அவர் பக்கத்தில் நிற்கும்போது அவளால் உண்மை பேச முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியபோது அப்பா சந்தோஷமாகச் சொன்னார்: "சேகர் மறுபடி சத்தியம் பண்றேங்கிறான். வெள்ளிக்கிழமை பத்மாவையும் வரச் சொல்லி ஆள் அனுப்பப் போறேன்."

வந்தால் அக்கா அவரோடு போக வேண்டும். போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'ஆத்தா, இவ்வளவு பெரிய வாயக் குடுத்தவ நீதான். இன்னைக்கு அத அளவா பேச வை' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அப்பா, சேகர் அண்ணன் சத்தியம் பண்றது ஆத்தாகிட்டயா, அக்காகிட்டயா?"

"ஆத்தாகிட்டதான். இது என்ன கேள்வி?"

"அப்ப அக்கா எதுக்குப்பா பக்கத்துல? ஆத்தா இருந்தா போதாதா?"

அப்பா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். நானும் அதற்குமேல் பேசவில்லை. அதுதான் முதல் அற்புதம் என்பார் அம்மா. கடைசியில் அப்பா சொன்னார்: "சரி. அவன் மட்டும் வரட்டும்."

வெள்ளிக்கிழமை சேகர் அண்ணன் புது வேட்டியில் வந்தார். ஆத்தாளைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கமே தேடினார்.

"அவ எங்க?"

"சத்தியம் உன்னோடதுப்பா. ஆத்தா இருக்கா. கைய வை," என்றார் அப்பா.

"அவ வீட்டுக்கு வர்றதா இருந்தாதான் வைப்பேன்! இல்லன்னா எனக்கு எதுக்குச் சத்தியம்?"

கூட்டத்திலிருந்து கிருஷ்ணம்மா அத்தை குரல் கொடுத்தார்: "அப்ப இத்தன நாளா ஆத்தாவையே ஏமாத்தினியாடா?"

யாரும் கை வைக்காமல் அந்தச் சூடம் தானாக எரிந்து முடிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஒங்க கிளாஸ்ல இதுக்கு என்னம்மா சொன்னாங்க?"

அன்பர்களே, ஊரே மாறச் சொன்னது சேகர் அண்ணனை. ஆத்தாள் மாற்றியது என் அப்பாவை!

"அக்காகிட்டயே கேக்கச் சொன்னாங்கப்பா" என்றேன். கேட்டோம். போலீஸில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றார் அக்கா. கூடப் போய் நின்றது அப்பா. திலகா மிஸ் பாதுகாப்பான ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார். இப்போது அக்கா ஒரு தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அதுவும் பயிற்சிதான். வாசல் காவலருக்கும் பஸ்ஸில் கூட வரும் தோழிகளுக்கும் விஷயம் தெரியும். அவர் தனியாக நடப்பதில்லை.

போன மாதம் அங்குள்ள கோயிலில் சந்தித்தோம். அக்கா தன் கையால் சூடம் ஏற்றினார். "சத்தியம் கித்தியம்லாம் இல்ல கௌரி. சும்மா, சந்தோஷத்துக்கு" என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆகவே கேளுங்கள், வாய் கூசாமல் ஆத்தாளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காதையும் திறந்து வையுங்கள்; பதில் ஒரு தாதியின் வாயிலிருந்தும் வரலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எங்கள் கோயில் மண்டபத்தில் முதல் வகுப்பு. திலகா மிஸ் வருகிறார். முதலில் உட்காரப் போவது பெண்கள் அல்ல, கமிட்டி ஆட்கள். பாய் விரிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. நடித்துக் காட்டுவதில் அடிபட்ட மனைவியாக உள்ளே வரப்போவது நான். அப்பா என்னிடம் என்ன கேட்கப் போகிறார் என்று பார்க்க வேண்டும்.