சாயத்தண்ணி கேக்

போன வாரம் என் மகள் பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பஞ்சின் மருந்து வாடை மூக்கில் பட்டதுதான் தாமதம், நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளில் ஒன்றான எங்கள் லயத்து வீடும், நான் டீச்சரான முதல் டிசம்பரும் வந்துவிட்டன.

அப்போது பஞ்சு, தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கியது. மண்ணெண்ணெய் டின்னில் கல்லைப் போட்டு ஒரு சைப்ரஸ் கிளையை நட்டு, அதன்மேல் பஞ்சைப் பிய்த்துத் தூவினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெளியதான் பனி கொட்டுதே, உள்ள எதுக்குடி இன்னொரு பனி?"

நியாயமான கேள்விதான். வாழ்த்து அட்டைகளில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரையும் இரண்டு டீச்சர்மாரையும் கிறிஸ்மஸ் அன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். பதுளை டவுன்காரர்கள், லய வீட்டுக்குள் கால் வைக்காதவர்கள். கிரேப் பேப்பர் சங்கிலியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியதில் பாதி, புகை பிடித்த கூரையை மறைக்கத்தான்.

கேக் மட்டும் அம்மா பொறுப்பு. ரவையை வறுத்தாள், சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி போட்டாள். முந்திரிக் கஜுவும் பிளம்ஸும் பெயருக்குத்தான். கறுப்பு நிறம் வரவேண்டுமே என்று, கொதித்துக் கொதித்துக் கட்டியான சாயத்தண்ணியை, பால் விடாத வெறும் தேத்தண்ணியை, ஊற்றினாள். எங்களிடம் கேக் சுடும் 'அவன்' அடுப்பு ஏது? டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் பேக்கரியில் எல்லார் வீட்டுத் தட்டையும் வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். தட்டுக்கு அடியில் பெயர் ஒட்ட வேண்டும். நான் என் முழுப்பெயர், 'ஆசிரியை', பள்ளிக்கூடம், தோட்டம், லயத்து நம்பர் வரை எழுதினேன். சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிது இல்லையா, அந்தத் திமிர்.

கிறிஸ்மஸ் காலையில், பேக்கரியிலிருந்து வாங்கி வந்த கட்டைப் பிரித்தால், மேலெல்லாம் கஜு! தட்டைத் தூக்கிப் பார்த்தேன். 'மரியநாயகம், ஹாலிஎல.' நானா அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். "கர்த்தரே அனுப்பியிருக்காரு, வெட்டிரலாம்மா" என்றேன்.

"அடுத்தவங்க வீட்டுப் புள்ளைங்க வாய்க்குப் போக வேண்டியது. தொட்டே, கையை ஒடிப்பேன்."

அம்மா அதைத் துணியால் மூடி அடுப்படியில் வைத்துவிட்டாள். நான் அழுதேன். டீச்சர் என்று பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

மாலையில் விருந்தாளிகள் வந்து, முறுக்கும் வாழைப்பழமும் வைத்த மேசையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் எங்கள் தட்டு.

"இங்க டீச்சர் வீடு எதுங்க? நான் மரியநாயகம், ஹாலிஎல ரயில்வே கேட்ல வேலை. மன்னிக்கணும், ஒரு துண்டு வெட்டின பிறகுதான் நம்ம கேக் இல்லன்னு தெரிஞ்சுச்சு. அடியில பார்த்தா முழு விலாசமும் இருந்துச்சு."

அதிபர் முன்னால் எங்கள் கஜு இல்லாத கேக் நடுவீட்டுக்கு வந்துவிட்டது. தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. மரியநாயகமோ அம்மாவைப் பார்த்து, "என் வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா. இந்த நெறத்துக்கு என்னம்மா போட்டீங்க?" என்றார்.

அம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "சாயத்தண்ணிங்க. நானே பறிச்ச கொழுந்தா இருந்தாலும் இருக்கும்."

அதிபர்தான் முதலில் சிரித்தார். எங்கள் கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டதும் அவர்தான். மரியநாயகம் அண்ணன் கிளம்பப் பார்த்தார், அம்மா விடவில்லை. சோறும் கோழிக்கறியும் போட்டாள். அவர் தன் கேக்கைச் சரிபாதியாக வெட்டி எங்களுக்கு வைத்துவிட்டு, எங்களுடையதில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் போனார்.

அதன்பிறகு வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவர் குடும்பம் வரும், இல்லை நாங்கள் போவோம். சொல்லிவிட்டுப் போனதே கிடையாது. போனால் சோறு இருக்கும். அவர் ஓய்வுபெற்று மகனோடு மொனராகலைக்குப் போனார். அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது போன் கடை.

இந்தக் காலத்தில் விருந்தாளிகள் இரண்டு நாள் முன்பே கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். எத்தனை பேர், எத்தனை மணி, எல்லாம் சரியாக இருக்கிறது. அதனால் நானும் அளந்துதான் அரிசி போடுகிறேன்.