நைரோபித் தோழியும் ஓர் ஒத்திகையும்

ஜேர்மனியின் ஹம் நகரில் முதியோர் பராமரிப்புப் படிப்பைத் தொடங்கியபோது, நைரோபியிலிருந்து வந்த ஒருத்தியும் நானும் சின்ன வீடொன்றில் சேர்ந்து இருந்தோம். இருவருக்கும் ஒரே வயது. எங்களுக்குள் டொச் மொழியில்தான் கதைத்தோம். ஆனால் இன்று நினைக்கும்போது அவள் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறாள்.

வேலை முடிந்து வந்து அவள் சோளமாக் களி கிளறுவாள். நான் பருப்புக்கறி வைப்பேன். சாப்பிடும்போது அவளுடைய ஊர்க் கதைகள் வரும். அங்கே அவள் தெருநாடகக் குழு ஒன்றில் இருந்தவள். பஸ் நிலையங்களில் எச்.ஐ.வி. பற்றி நாடகம் போடுவார்கள். தூரப் பயணம் போய்த் திரும்பும் லொறிச் சாரதியின் மனைவி வேடம் அவளுக்கு. ஆணுறை இல்லாமல் கிட்ட வராதே என்று அவள் சொல்லும் இடத்தில், கூட்டத்தில் எவனாவது கூச்சல் போடுவானாம். அவனையே உள்ளே இழுத்து, "இப்ப நீ மனுசி, நான் புருசன். சொல்லிப் பார்" என்பாளாம். அவ்வளவு நேரம் கத்தியவன் ஒரு சொல்லும் வராமல் நிற்பானாம்.

"எச்.ஐ.வி. வருத்தத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். வீட்டில அந்தக் கதையை எப்பிடித் தொடங்கிறதெண்டுதான் தெரியாது" என்றாள்.

எனக்கும் தெரியாது. டொச்சில் ஆணுறைக்குப் பெயர் 'கொண்டோம்'. தமிழ்க் காதுக்கு யாரோ எதையோ பெற்றுக்கொண்டதுபோல் இருக்கும். வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் சிரிப்பை அடக்கக் குனிந்துகொள்வேன்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு பேர்லினில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

"ரெண்டு பேரும் ரத்தம் சோதிச்சாச்சோ?" என்று தோழி கேட்டாள்.

"எங்கட ஆக்களிட்ட இதெல்லாம் கேக்க ஏலாது."

அவள் துவாயைத் தோளில் போட்டு, கதிரையில் காலை அகட்டி இருந்து மாப்பிள்ளையானாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஒருவாறு கேட்டேன். "என்னைச் சந்தேகப்படுறீரோ?" என்று உறுமினாள். பல மாலைகள் பழகிய பிறகுதான் எனக்குப் பதில் வந்தது: "நானும்தான் சோதிக்கப்போறன். சேர்ந்து போவம்."

அவர் என்னைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பிப் போகும் ரயிலுக்காகக் காத்து நின்றபோது கேட்டுவிட்டேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டில ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"நானும் யோசிச்சனான். கேட்டால் பிழையா நினைப்பீரெண்டு விட்டிட்டன். சோதிக்கிற நாளுக்கு டெர்மின் நான் எடுக்கிறன்."

சுகாதார அலுவலகத்தில் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. ஆளுக்கோர் இலக்கம் மட்டும் தந்தார்கள். முடிவு வாங்கப் போன நாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவருடைய கை குளிர்ந்திருந்தது. முதன்முதலாக நான் அதைப் பிடித்தது அங்கேதான். இருவருக்கும் தொற்று இல்லை. வெளியே வந்து கோப்பி குடித்தோம். என்ன கதைத்தோம் என்பது நினைவில்லை, நிறையக் கதைத்தோம்.

தோழி சேலை கட்டி எங்கள் கல்யாணத்துக்கு வந்தாள். படிப்பு முடிந்ததும் நைரோபிக்கே திரும்பிவிட்டாள். நான் பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் இருக்கிறேன். தொலைபேசியில் கதைக்கிறோம்தான். ஆனாலும், களைத்து வந்த இரண்டு பெண்கள் வெட்கத்தை விட்டுச் சிரித்த அந்தக் குளிர்கால மாலைகளை மனம் இன்னும் தேடுகிறது.