அம்மன் பால்

கங்கையம்மன் தன் மேல் வந்த நாட்களில் என்ன பேசினோம் என்று குப்பம்மாளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரே ஒரு வருஷம் பேசியது மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

திருத்தணி மலைக்குக் கீழே, ஏரிக்கரை ஓரம் அந்தச் சின்னக் கோயில். மலைமேல் இருக்கும் முருகனுக்குப் பாலும் பன்னீரும். கீழே இருக்கும் ஆத்தாளுக்குக் கள். வைகாசித் திருவிழா அன்று எல்லப்பன் பனையிலிருந்து இறக்கிய முதல் பானையைப் படைப்பான். அதற்குப் பெயர் அம்மன் பால். உச்சிவேளை வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கும் குப்பம்மாள் அதைக் குடித்ததும் ஆத்தாள் இறங்குவாள். மிச்சத்தை ஊரே கையேந்தி வாங்கிக் குடிக்கும். நாற்று நட்டு ஒடிந்த இடுப்புகள் அன்று ஒரு நாள் வலியை மறந்து ஆடும். குப்பம்மாளுக்கு அதில் வெட்கமே கிடையாது. உடம்பைக் கொடுத்தவள்தானே உடம்புக்குச் சந்தோஷமும் கொடுக்கிறாள் என்பாள்.

சர்க்கார் கள்ளை நிறுத்தியபோது ஆத்தாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கிய பதநீரை வைத்துச் சமாளித்தார்கள். மூன்று வருஷம் குப்பம்மாள் அதைக் குடித்தாள். இனித்தது, அவ்வளவுதான். ஆத்தாள் வரவில்லை.

நான்காம் வருஷத் திருவிழாவில் தேவகி வந்து காலைப் பிடித்தாள். அவள் புருஷன் கங்காதரன் பட்டாளத்தோடு சிங்கப்பூர் போனவன். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய் மூன்று மாதமாகியும் ஒரு கடுதாசி இல்லை.

"தாயே, அவரு உசுரோட கீறாரா?"

அந்த முகத்தைக் குப்பம்மாளால் தாங்க முடியவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். "வருவான்டி! உம் புருசன் வாசல்ல வந்து நிப்பான்டி!" இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் பாவி, யார் குரலில் சொல்லிவிட்டாள்!

அன்று முதல் நிம்மதி போயிற்று. காலிப் பானையைக் கடந்தால் உள்ளே யாரோ தாகத்தில் நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். வயலில் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் ஈரப் புடவை சரசரக்கும். திரும்பினால் யாரும் இல்லை. தேவகியோ தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள். அந்த இரண்டாவது தட்டைப் பார்க்க மாட்டாமல் குப்பம்மாள் அவள் தெருவையே சுற்றிக்கொண்டு போனாள். அடுத்த திருவிழாவுக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த வருஷம் கள்ளுக்கடை திரும்பத் திறந்தது. எல்லப்பன் நுரை பொங்கப் பானையைக் கொண்டுவந்து வைத்தான். "குடி தாயே, அசல் கள்ளு" என்றான்.

கை நிறையக் கண்ணாடி வளையலோடு தேவகி மறுபடி முன்னால் வந்து நின்றாள். குப்பம்மாளுக்கு ஆத்தாள் வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். புளிப்பு நாக்கில் ஏறியது. அடிவயிற்றில் சூடு பரவியது. செத்துப்போன தன் புருஷன் சிரிக்கும் சிரிப்பு ஞாபகம் வந்தது. தோள் லேசாயிற்று. பம்பைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

கண் திறந்தபோது வேப்பமர நிழலில் கிடந்தாள். என்ன பேசினோம்? ஒன்றும் நினைவில்லை. வந்துவிட்டாள்! ஆறு வருஷம் கழித்து ஆத்தாள் வந்துவிட்டாள்! உடம்பெல்லாம் பூரித்துப்போய் எழுந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் தேவகி இருந்தாள். கையில் வளையல் இல்லை. உடைந்த சில்லுகள் மடியில் கிடந்தன. அவளிடமும் கள் வாசனை.

"அவரு போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சின்னு ஆத்தா சொன்னா, அத்தே. அப்பால அவ கையாலயே எனக்கு ஊட்டினா. 'குடிடி, அழுதுகினே குடி, இது என் பாலு'ன்னா. நெஞ்சு கொஞ்சம் எறங்கிச்சி." தேவகி சில்லுகளை விரலால் ஒதுக்கினாள். "ஒண்ணுதான் புரியல. அன்னிக்கி ஏன் ஆத்தா பொய் சொன்னா?"

குப்பம்மாளின் நாக்கில் இன்னும் அந்தப் புளிப்பு இருந்தது.

"ஆத்தா பொய் சொல்லல, தேவகி" என்றாள். "அன்னிக்கி அவ வரவே இல்ல. நான்தான் பேசினேன்."