அகோவுக்குப் பதில்

வெள்ளிக்கிழமை, காலை 7 மணி. சென்னையை விட்ட நான்காம் நாள் கப்பல் ரங்கூன் ஜெட்டியைப் பிடித்தது. டெக் கட்டணம் பதினான்கு ரூபாய். லான்மடாவுக்குப் போக ரிக்ஷாக்காரர் நான்கணா கேட்டு, மூன்றணாவுக்கு வந்தார். அங்கே கயிறும் விளக்கும் விற்கும் மரைக்காயர் வீட்டில் எனக்கு நான்கு நாள் தங்கல்.

"திரும்பிப் போறப்ப ஒங்களுக்குத் துணை இருக்கு" என்றார் மரைக்காயர், தேநீரை நீட்டியபடி. "செவ்வாக்கிழமை கப்பலுக்கு ரெண்டு சீட்டாவே எடுத்துட்டேன். ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு வீரமுத்து மேஸ்திரிக்கு."

"ஊருக்கு விடுமுறையா?"

"விடுமுறை இல்ல. ஒரேயடியாப் போறாரு."

பிறகு காரணத்தைச் சொன்னார். வீரமுத்து ஆற்றோர அலோன் பகுதியில் மூட்டை ஏற்றும் இருபத்தைந்து பேருக்கு மேஸ்திரி. மழைக்காலத்தில் ஒருநாள், நடு ஆற்றில் நின்ற கப்பலிலிருந்து ஆட்கள் சம்பான் படகில் கரை திரும்பினார்கள். படகு நிறைந்துவிட்டது. "இன்னும் மூணு பேரு ஏறலாம்" என்றவர் வீரமுத்து. படகு கவிழ்ந்தது. மூன்று பேர் போனார்கள். அன்றுமுதல் அவர் "ஏலேலோ" என்று குரல் கொடுத்தால் யாரும் "ஐலசா" சொல்வதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறார்கள். வாய் மட்டும் திறப்பதில்லை. குரல் இல்லாமல் இத்தனை பேர் ஒரே நொடியில் தூக்க முடியாது. போன மாதம் மட்டும் இரண்டு பேருக்குப் பாதம் நசுங்கியது.

"அவரு போயிட்டா சரியாயிடும்னு அவரே நெனைக்கிறாரு" என்றார் மரைக்காயர். "நீங்க ஞாயித்துக்கிழமை அலோன் போய்ப் பாருங்க. அங்க ஒரு ஆப்பிரிக்காக்காரரு மேளம் சொல்லிக் குடுக்குறாரு."

ஞாயிறு, பிற்பகல் 3 மணி. டிராமில் ஓரணா. இறங்கியதும் மரவாடியின் தேக்குத்தூள் மூக்கில் ஏறியது. ஆற்றோரம் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயன், நடுவே முற்றம். அதில் வட்டமாக இருபது ஆண்கள், ஏழெட்டுப் பெண்கள். நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்தான் ஆசிரியர். மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்காரர். கப்பலில் கரி அள்ளியவர். கால் முறிந்து இங்கே இறக்கிவிடப்பட்டு, லயனில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறார். அவர் ஊர் வழக்கப்படி, வெள்ளிக்கிழமை பிறந்ததால் கோஃபி என்று பெயர். தமிழர்களுக்கு அவர் கோபி. வாசலில் பலகாரம் விற்கும் பர்மியப் பெண்ணோ, 'கோ' என்பது தங்கள் ஊர் மரியாதைச் சொல் என்றும் 'ஃபி'தான் பெயர் என்றும் நினைத்துக் கொண்டிருக்கிறார். எப்படிக் கூப்பிட்டாலும் மனிதர் திரும்பிப் பார்க்கிறார்.

மேளம் அவரே குடைந்தது. மரவாடியில் கழித்த தேக்குக் கட்டை, ஆட்டுத்தோல், தோலை இழுத்துப் பிடிக்க மர முளைகள்.

"மொத ஞாயிறு நாந்தான் சண்டைக்குப் போனேன் சார்" என்றார் பக்கத்திலிருந்த காளி, மூட்டை ஏற்றுபவர்களில் ஒருவர். "எழவு முடிஞ்சாச்சு, இப்ப எதுக்குய்யா மேளம்னு கேட்டேன். முடிஞ்சிருந்தா ஏன் ஊமையா வேல செய்றீங்கன்னு திருப்பிக் கேட்டுட்டாரு."

கோஃபியின் கடற்கரையிலும் படகுகள் திரும்பாமல் போவதுண்டு. அப்போது குடியிருப்பே வட்டமாக உட்கார்ந்து, மேளத்தோடு போனவர்களின் பெயரைக் கூப்பிடுமாம். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏழு ஞாயிறாக அதைத்தான் கற்பிக்கிறார். முதலில் அழைப்பு, பதில், பிறகு மேளம், கடைசியாகப் பெயர்கள். பெயர்களுக்கு இன்னும் போகவில்லை.

கோஃபி கையைத் தட்டி "அகோ!" என்றார். வட்டம் முழுவதும் "அம்மே!" என்றது.

எனக்குத் திகைப்பு. அகோ என்பது நம் தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் கொடுக்கும் குரலல்லவா? "அம்மே என்றால் என்ன?" என்று காளியைக் கேட்டேன்.

"ஆத்தாளக் கூப்புடுறது சார். துக்கத்துல வேற யாரக் கூப்புடுவாங்க?"

கோஃபியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது 'அமே'. அவர் ஊரில் வீட்டு வாசலில் நிற்பவர் அகோ என்பார். உள்ளே இருப்பவர்கள் அமே என்பார்கள். கேட்டுவிட்டோம், உள்ளே வா என்று பொருள்.

அதை உரக்கத் தமிழில் சொன்னேன்.

"அப்ப ஏழு வாரமா யார உள்ள வா, உள்ள வான்னு கத்திக்கிட்டு இருந்தோம்?" என்றார் காளி. யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் வாசலுக்குப் போயிற்று. தண்ணீர்க் குழாயருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் வீரமுத்து. ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் நிற்பாராம். நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர், "அகோ" என்றார்.

பதில் இல்லை. சிலர் கோஃபியைப் பார்த்தார்கள். அவர் மேளத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் வாடகைக்காரன்" என்றார், கற்றுக்கொண்ட தமிழில். "வீட்டுக்காரங்க சொல்லணும்."

வீரமுத்து மறுபடி கூப்பிடவில்லை. போகத் திரும்பினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அஞ்சலை, அந்த மூன்று பேரில் ஒருவரின் மனைவி. அவர் கணவரின் உடல் கிடைக்கவேயில்லை.

"என்னய்யா, ஒருவாட்டி கூப்ட்டுட்டுப் போறது? எங்களுக்கு என்ன காது செவிடா?"

அவர் நின்றார்.

"நீ ஏறச் சொன்னத நான் மறக்கமாட்டேன். கடைசி வரைக்கும் மறக்கமாட்டேன். அதுக்காக வாசல்லயே நிப்பியா? உள்ள வா. வந்து உக்காரு."

அவர் வந்து உட்கார்ந்தார். காளி நகர்ந்து இடம் விட்டார். கோஃபி மேளத்தை அவர் முன்னால் தள்ளினார். வீரமுத்து அடித்த அடியில் ஒரு முளை தெறித்து விழுந்தது.

"மேஸ்திரி, அது மேளம், மூட்டை இல்ல!" என்றார் காளி. இம்முறை சிரித்தார்கள்.

அன்று பெயர்களுக்குப் போனார்கள். முதல் இரண்டையும் காளி கூப்பிட்டார். மூன்றாவதை அஞ்சலையே கூப்பிட்டார். பதிலில் வீரமுத்துவின் குரலும் இருந்தது. இரண்டு பேர் எழுந்து அறைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

செவ்வாய், காலை 8 மணி. டெக்கில் இரண்டு பாய் அளவுக்கு இடம் பிடித்து, ஒன்றில் உட்கார்ந்து மற்றதில் பெட்டியை வைத்தேன். கப்பல் புறப்பட அரை மணி இருந்தது. வீரமுத்து வருவாரா என்று மரைக்காயருக்கும் தெரியவில்லை. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பாட்டைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன். அதில் ஒரு பாதி அழைப்பு, மறு பாதி பதில் என்று ஒருநாளும் பிரித்துக் கேட்டதில்லை.

பக்கத்து ஜெட்டியில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் முகங்கள் தெரியவில்லை. "ஏலேலோ" என்று ஒரு கரகரத்த குரல் வந்தது. ஞாயிறன்று வாசலில் கேட்ட அதே குரல்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு "ஐலசா" வந்தது, சற்று முன்பின்னாக. மூன்றாவது மூட்டைக்கு எல்லாம் ஒரே குரலாகிவிட்டது.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என் பெட்டியைக் காட்டி, "இங்க ஆளு வருதாங்க?" என்று கேட்டார்.

"வரவில்லை" என்று பெட்டியை எடுத்தேன். "பாயை விரியுங்கள்."